ஆற்காடு நவாபு அரண்மனை வளாகங்கள், சென்னை

ஆற்காடு நவாபுகளும் அவர்தம் வழித்தோன்றல்களும் சென்னையில் எழுப்பிய, வாழ்ந்த அரண்மனைகளும் அவற்றைச் சார்ந்த பள்ளிவாசலும் அடங்கிய தொகுதி. சேப்பாக்கம் அரண்மனை (1768), திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் (1795), ராயப்பேட்டை அமீர் மஹால் (1798) ஆகிய மூன்றும் இதில் முதன்மையானவை. ஆழ்வார்பேட்டையிலிருந்து டி.டி.கே. சாலையில் வடக்கே போனால் ராயப்பேட்டை. அங்கிருந்து பாரதி சாலை கிழக்கே கடற்கரைக்கு இறங்குகிறது. மூன்றையும் ஒரே பகலில் சுற்றிவந்துவிடலாம்.

தோற்றம்

1749 ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் கொல்லப்பட்டபின், அவர் மகன் முகமது அலி வாலாஜா ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையுடன் ஆற்காட்டுப் பட்டத்தை நிலைநிறுத்திக்கொண்டார். பாதுகாப்புக் கருதிப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே அரண்மனை கட்ட விரும்பினார். அது கைகூடாமல் போகவே, கோட்டைக்குத் தெற்கே சேப்பாக்கத்தில் நிலம் வாங்கினார். 1764இல் தொடங்கிய வேலை 1768இல் முடிந்தது. கட்டியவர் கம்பெனியின் பொறியாளர் பால் பென்ஃபீல்டு என்பர். நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களிலும் அவர் முக்கியமானவர். அந்தக் கடன்கள் லண்டன்வரை நாறின. 1785இல் எட்மண்டு பர்க் நாடாளுமன்றத்தில் அவற்றைக் கண்டித்துப் பேசினார்.

கட்டடங்கள்

அரண்மனை இரு பகுதிகளாக அமைந்தது. ஒன்று இரண்டடுக்குக் கலஸ் மஹால், நவாபின் உறைவிடம். மற்றது ஹுமாயூன் மஹால், தர்பார் கூடம். வளாகத்தின் பரப்பு 117 ஏக்கர். இன்றைய எழிலக அரசு அலுவலக வளாகமும் கிரிக்கெட் மைதானமும் அந்த எல்லைக்குள் அடங்கியவையே. கூரை ‘மெட்ராஸ் டெரஸ்’ முறையில் அமைந்தது: தேக்கு உத்தரங்கள்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையால் பிணைத்து, மேலே ஓடு பதிப்பார்கள். வெயிலைத் தாங்கும், தீயைத் தாங்காது.

பெரிய பள்ளிவாசல் மரமோ இரும்போ கலவாமல் சாம்பல் நிறக் கருங்கல்லில் எழுந்தது. அதன் கட்டுமான ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டு வாசகத்தை இயற்றியவர் நவாபு அவையிலிருந்த இந்து அறிஞர் ராஜா மக்கன்லால். ரமலான் மாதத்தில் இங்கு நோன்பு திறப்போருக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் சிந்தித் தொண்டர்கள் பல்லாண்டுகளாக உணவு பரிமாறி வருகின்றனர்.

கைமாற்றம்

1801 ஒப்பந்தத்தால் ஆற்காட்டு நவாபின் ஆட்சி கம்பெனியிடம் போயிற்று. நவாபுக்கு எஞ்சியது பட்டமும் படித்தொகையும். 1855இல் குலாம் முகமது கௌஸ்கான் ஆண் வாரிசின்றி இறக்க, தலைமை ஆளுநர் டல்ஹௌசியின் நிர்வாகம் பட்டத்தையே நீக்கியது. அரண்மனை ஏலத்துக்கு வந்தது, வாங்கியதும் அரசாங்கமே. வருவாய்த் துறையும் பொதுப்பணித் துறையும் உள்ளே குடியேறின. பின்னாளில் கிண்டிக்கு இடம்பெயர்ந்த பொறியியல் கல்லூரி 1920வரை சேப்பாக்கத்தில்தான் இயங்கியது. 1865இல் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வளாகத்தின் ஒரு பகுதியைப் பெற்றது.

கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் இரு மஹால்களுக்கும் இடையே கோபுரம் எழுப்பினார். ஹுமாயூன் மஹாலின் குவிமாடத்தை அகற்றி மாடி சேர்த்தார். இந்தோ-சாரசெனிக் பாணிக்குச் சேப்பாக்கமே முன்னோடி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்பாணியில் சிஷோம் கட்டி 1879இல் முடித்த பல்கலைக்கழக செனட் மண்டபம் அருகிலேயே நிற்கிறது.

பட்டம் இழந்த குடும்பத்துக்கு விக்டோரியா அரசி ‘ஆற்காட்டு இளவரசர்’ என்ற பரம்பரைப் பட்டம் அளித்தார். கம்பெனி அலுவலகமாகக் கட்டப்பட்டிருந்த அமீர் மஹால் சீரமைக்கப்பட்டு, 1876இல் அக்குடும்பம் அங்கே குடிபுகுந்தது. 1971இல் மன்னர் மானியம் ஒழிந்தபோதும் இப்பட்டம் ஒழியவில்லை.

தீயும் மீட்பும்

2012 ஜனவரியில் கலஸ் மஹால் தீப்பற்றி எரிந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். கூரை சரிந்தும் சுவர்கள் நின்றன. இடிப்பதைவிட மீட்பதே சரி என்று முடிவாகி, பொதுப்பணித் துறை பழைய முறைப்படியே சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் அதைப் புதுப்பித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கே இயங்குகிறது. ஹுமாயூன் மஹாலிலும் சீரமைப்புப் பணி மேற்கொள்ளப்பட்டது.

பார்வையிடல்

சேப்பாக்கத்து முற்றத்தில் அலுவலகக் கட்டடங்கள் அடுத்தடுத்து முளைத்ததால், கடற்கரைச் சாலையில் செல்பவர் கண்ணுக்கு அரண்மனை சரியாகப் படுவதில்லை. எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோர் 2004இல் தொடங்கிய சென்னை தினக் கொண்டாட்டம், ஆகஸ்ட் மாத மரபு நடைகளை நகரெங்கும் பரப்பியது. மற்ற நாள்களில் சேப்பாக்கத்தை வெளியே நின்று பார்க்கலாம். பெரிய பள்ளிவாசலின் முற்றம் தொழுகைக்கானது. அமீர் மஹால் இன்றும் ஆற்காட்டு இளவரசர் குடும்பத்தின் வீடு. முன் அனுமதி பெற்றே உள்ளே செல்ல முடியும்.