தோள் பிடிப்பும் காட்மனின் கேள்வியும்

தலை வாரக் கையைத் தூக்க முடியாமலும், இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க இயலாமலும் நடுவயதினரை, அவருள்ளும் நீரிழிவுள்ளோரை, மாதக்கணக்கில் வருத்துகின்ற தோள் பிடிப்புக்கு ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயரை 1934-இல் வழங்கியவர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் சஸ்திர வைத்தியர் எர்னஸ்ட் அமோரி காட்மன். அதற்கு வெகுகாலம் முன்பே, 1872-இல், பாரிஸ் நகரத்து வைத்தியர் டுப்ளே இந்நோயை வர்ணித்து, நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்திக் கையை அசைத்து இறுக்கத்தை விடுவிக்கும் முறையையும் கூறியிருந்தார். மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்கி எலும்போடு ஒட்டிக்கொள்வதே காரணமென 1945-இல் வைத்தியர் நெவியாசர் விளக்கினார். ஸ்டீராய்டு ஊசியும், சிறு துளையிட்டு உறையை வெட்டிவிடும் சஸ்திர சிகிச்சையும் பிற்பாடு வந்தவை.

இச்சரித்திரத்தில் காட்மனை நான் முதன்மையாகப் போற்றுவது அவர் இட்ட பெயருக்காக அன்று. குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும், காசு செலவில்லாத அவருடைய பயிற்சிக்காக மட்டும் அன்று. சிகிச்சை பெற்றுச் சென்ற ஒவ்வொருவரும் ஓராண்டு கழிந்தபின் எந்நிலையில் இருக்கிறார் என்று விசாரித்து, குணமாகாவிடில் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, ஆஸ்பத்திரிகள் அவற்றைப் பகிரங்கப்படுத்த வேண்டுமென்று வாதாடியவர் அவர். 1911-இல் தாம் தொடங்கிய சிறிய ஆஸ்பத்திரியின் 337 நோயாளிகளது சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்ட அந்த மகா நேர்மை, சகாக்களின் விரோதத்தைத்தான் அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது.

அவருடைய கேள்வியை அவர் பெயரிட்ட நோயிடமே பெரிய அளவில் கேட்டு, பிரிட்டனின் 35 ஆஸ்பத்திரிகளில் 503 பேரிடம் நிகழ்த்திய பரிசோதனையின் முடிவு 2020-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியாயிற்று. ஸ்டீராய்டு ஊசியோடு பிசியோதெரபி பெற்றவர்களும், டுப்ளே முறைப்படி மயக்கத்தில் கை அசைக்கப்பட்டவர்களும், சஸ்திர சிகிச்சை செய்துகொண்டவர்களும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர். செலவு மட்டும் ஒன்றாக இல்லை: பிசியோதெரபியைவிட டுப்ளே முறைக்குச் சராசரியாக 276 பவுண்டும், சஸ்திர சிகிச்சைக்கு 1,734 பவுண்டும் அதிகமாயின, அபாயமும் பின்னதிலேயே மிகுதி. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செலவுக் கணக்குப்படி நடுவில் நின்ற டுப்ளே முறையே கொடுத்த பணத்துக்கு அதிகப் பிரயோஜனம் தந்தது.

ஆயினும், பலன் ஏறக்குறைய ஒன்றே, செலவும் குறைவு என்பதால், கைப்பணம் கொடுத்து வைத்தியம் செய்துகொள்பவர்கள் ஊசியிலும் பயிற்சியிலும் தொடங்குவதே உசிதமென்பது என் அபிப்பிராயம். எடுத்த எடுப்பிலேயே சஸ்திர சிகிச்சையைச் சொல்லும் டாக்டரிடம், ஓராண்டு கழித்து அதனால் கிடைக்கும் கூடுதல் பலன் எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள்.