எம்ஓடி சோதனை

எம்ஓடி சோதனை என்பது ஐக்கிய இராச்சியத்தில் தானுந்துகள் சாலையில் ஓடத்தக்க நிலையில் உள்ளனவா என அறியச் சட்டப்படி ஆண்டுதோறும் நடத்தப்படும் சோதனையாகும். இதனைத் தொடங்கிய போக்குவரத்து அமைச்சின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே இப்பெயராயின. அமைச்சின் பெயர் பின்னர் மாறியது. சோதனையின் பெயர் மாறவில்லை.

பெரிய பிரித்தானியாவில் புதிய தானுந்து பதிவாகி 3 ஆண்டுகள் நிறைவுறும்போது முதற் சோதனைக்கு உட்பட வேண்டும். வட அயர்லாந்தில் இது 4 ஆண்டுகள். அதன்பின் இரு இடங்களிலும் ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கப்படும்.

வரலாறு

1960 இல் சோதனை தொடங்கியபோது 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஊர்திகளே இதற்கு உட்பட்டன. நிறுத்தி, விளக்கு, திசைமாற்றி ஆகியவை மட்டும் பார்க்கப்பட்டன. தேறாத ஊர்திகள் மிகுதியாக இருந்ததால் இவ்வயது வரம்பு 1961 இல் 7 ஆண்டுகளாகவும், 1967 இல் 3 ஆண்டுகளாகவும் குறைக்கப்பட்டது. இதனை 4 ஆண்டுகளாக உயர்த்தும் முன்மொழிவு 2018 இலும் 2024 இலும் கைவிடப்பட்டது.

சான்றிதழின் வரம்பு

பழைய தானுந்து வாங்குவோர் பலர் கவனிக்கத் தவறுவது, சான்றிதழ் சோதனை நாளன்று இருந்த நிலையை மட்டுமே காட்டும் என்பதாகும். பொறியின் உள்நிலையும் பற்சக்கரப் பெட்டியும் சோதிக்கப்படுவதில்லை. பாகங்கள் கழற்றிப் பார்க்கப்படுவதும் இல்லை. சோதனைக்குப் பின் சக்கர உறையின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ்த் தேய்ந்துவிட்டால், சான்றிதழ் இன்னும் பல மாதங்கள் செல்லுபடியாகும் நிலையிலும் அவ்வூர்தியைச் சாலையில் ஓட்டுவது குற்றமாகும்.