இடாப்பில் ஏறாத பெயர்கள்

தேயிலைத் தோட்டத்தில் ஒரு மனிதனின் பெயர் ஏறும் ஏடுகள் இரண்டு. ஒன்று செக்றோல், மற்றது பாடசாலை இடாப்பு. செக்றோலில் பெயர் பதிந்தால் அவன் தோட்டத்தின் ஆள். கூலியும் காம்பராவும் அதன் வழியே வருவன. இடாப்பில் பெயர் பதிந்தால் அவன் மாணவன். பதுளையிலிருந்து பசறை, நமுனுகுலை, ஹப்புத்தளை வரை பரந்து கிடக்கும் ஊவாத் தோட்டங்களில், இவ்விரண்டு ஏடுகளுக்கும் வெளியே நின்ற பிள்ளைகளைப் பற்றி எழுத முற்படுகிறோம். கண் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, கால் வழங்காத பிள்ளை, அறிவு மெதுவாக மலரும் பிள்ளை ஆகிய இவர்களுக்கு உடுக்கவும் உண்ணவும் நீர் மொள்ளவும் வழி நடக்கவும் பழக்குவதை இன்று வாழ்க்கைத் திறன் கல்வி என்கிறோம். பெயர் புதிது, அதன் பின்னால் உள்ள வழக்கு மிகப் பழையது.

1905இல் வேஸ் ஆணைக்குழு ஆராய்ந்ததன் பயனாக, 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைச் சட்டம் பிறந்தது. தொழிலாளர் பிள்ளைகளில் ஆறு முதல் பத்து வயது வரையுள்ளோர்க்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பை அது தோட்டத் துரையின் தலையில் வைத்தது. துரைமார் அதை மனமுவந்து ஏற்றனர் என்று யாரும் சொல்லார். கூலிக்காரன் பிள்ளைக்கு ஏடு எதற்கு, வேலைக்கு வேண்டிய அளவு அறிந்தால் போதாதா என்பதே அவர்கள் தரப்பு. பின்னர், 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. ஆண், பெண், பிள்ளை என மூவகைக் கூலியும் வகுத்தது. இவ்விரு சட்டங்களையும் வாசகர் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். பள்ளி முடிகின்ற வயதும் பத்து. வேலை தொடங்குகின்ற வயதும் பத்து. கொழுந்து பறிக்கவோ முள் குத்தவோ இயலாத பிள்ளை இந்தக் கணக்கில் எங்கே வரும்? தாயும் தகப்பனும் பெரட்டுக்குப் போனபின், லயத்துக் காம்பராவின் இருட்டே அதற்கு உலகம்.

நாட்டில் வேறு வழியே இல்லாதிருந்தது என்றும் சொல்வதற்கில்லை. செவிப்புலனற்றோர்க்கும் விழிப்புலனற்றோர்க்குமான பாடசாலையை மேரி சப்மன் என்னும் ஆங்கில அம்மையார் 1912இலேயே தொடங்கிவிட்டார். பின்னாளில் இரத்மலானையில் நிலைகொண்ட பாடசாலை அதுவே. ஆனால் பதுளைக்குப் புகையிரதம் வந்ததே 1924இல்தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை எழுந்தது 1956இல். இரண்டும் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் வைத்துப் பேணும் நிறுவனங்கள். அவை ஆற்றிய தொண்டு பெரிது. அதைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. எனினும், நாட்கூலியில் வாழும் குடும்பம் ஊவா மலையிலிருந்து கைதடிவரை ஒரு பிள்ளையை எப்படிக் கொண்டு சேர்க்கும்? 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை ஒதுக்கியே வைத்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமோ பெற்றோரையே நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகக் கையேற்றது 1970களில்தான்.

அதன்பின் சட்டங்கள் வந்தன. வலுவிழப்பைக் காரணங்காட்டி எந்தப் பிள்ளையையும் பாடசாலையில் சேர்க்க மறுக்கலாகாது என்றது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். ஐந்து முதல் பதினான்கு வயதுவரை கட்டாயக் கல்வி என்ற ஒழுங்குவிதி 1997இல் வந்தது. இடாப்பில் பெயர் ஏறும் உரிமை இவ்வாறு கிடைத்தது. ஏறிய பின் அப்பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது?

இங்கேதான் தோட்டத்தின் நிலம் குறுக்கே வருகிறது. நகரத்துக்காக எழுதப்பட்ட வழிகாட்டி, குழாயைத் திறந்து கைகழுவக் கற்பி என்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு நீர் பீலியில் விழுகிறது. பீலிக்கரையோ பாசி படர்ந்த கல். குடத்தை எங்கே வைப்பது, எந்தக் காலை முதலில் ஊன்றுவது என்பதுதான் அங்கே பாடம். வெள்ளைப் பிரம்பால் சமதரையில் நடப்பது ஒரு வித்தை. லயத்தின் ஒழுங்கற்ற கற்படிகளில் இறங்குவது முற்றிலும் வேறொரு வித்தை. சக்கர நாற்காலியைப் பற்றி இம்மலைச்சரிவில் பேசுவோர் ஒருமுறை அதைத் தள்ளிப் பார்க்கட்டும். அறிவு மெதுவாக மலரும் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடப் பழக்கும் ஆசிரியர், மேலுள்ளவற்றைத் தாமே போட்டுவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளைக்கு விடுகிறார். வேலையை முடித்த மகிழ்ச்சி பிள்ளையினுடையதாகிறது. மறுவாரம் கடைசி இரண்டு, பின்னர் மூன்று. இந்தப் பொறுமைக்குக் கால அட்டவணையில் இடம் வேண்டும். பலதர வகுப்புகளை ஒருவரே நடத்தும் பாடசாலையில் அந்த இடம் எங்கிருந்து வரும் என்று கேட்கும் ஆசிரியரை நாம் குறைசொல்ல முடியாது. விசேட கல்வியில் பயின்ற தமிழ்மொழி ஆசிரியரை ஊவாத் தோட்டங்களுக்கு அனுப்புவது அரசின் கடமை. கருணையுள்ளவர்களின் தலையில் அதைக் கட்டிவிடுதல் தகாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகக் கூறவேண்டும். ‘இந்தப் பிள்ளைக்கு எழுத்து எதற்கு, கைவேலை போதும்’ என்ற பேச்சு இன்று அனுதாபத்தின் குரலில் வருகிறது. 1907இல் துரைமார் எல்லாத் தோட்டப் பிள்ளைகளையும் பற்றிச் சொன்ன அதே சொல்தான் இது. அன்று அதை எதிர்த்து எழுத்தைப் பெற்ற சமூகம், தன்னுள்ளேயே மெலிந்த பிள்ளைக்கு அதை மறுக்கலாமா? கைவேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யாருடைய தேவைக்காக அது கற்பிக்கப்படுகிறது என்பதே கேள்வி. பிறர் கையை எதிர்பாராமல் உண்பதும் உடுப்பதும் பிள்ளையின் தேவை. காசை எண்ணி மிச்சம் கேட்பதும் அதன் தேவையே. கூலிச் சீட்டில் பிடிக்கப்பட்ட தொகை எவ்வளவு என்று வாசிப்பது எழுத்தா, வாழ்க்கைத் திறனா? பதுளை பஸ் நிலையத்தில் பசறைக்கும் லுணுகலைக்கும் போகும் பஸ்களின் பலகைகளை வேறுபடுத்தி அறிந்து, தன் பஸ்ஸில் தானே ஏறுகின்ற பிள்ளை எந்தப் பாடத்தில் தேறியது என்று அதிகாரிகள் குறிப்பார்கள்?