இறம்பொடையில் பிறந்த அட்மிரல்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், அருவிகள் விழும் இறம்பொடையைச் சுற்றி இன்று எங்கும் தேயிலை. 1841இல் அங்கே கோப்பிதான். அந்த ஆண்டு ஜனவரி 25ஆம் திகதி, வேவன்டன் தோட்டத்தில் பிறந்த ஜோன் ஆர்பத்நொட் ஃபிஷர் பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படைக்கே தலைவரானார். மலையகத்துப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்த நான் அவருடைய கதையை வகுப்பில் விரிவாகவே சொல்லி வந்தேன். ஒரு பிள்ளைக்குக் கதவு எப்படித் திறக்கிறது, எதனால் மூடிக்கிடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

தகப்பன் வில்லியம் ஃபிஷர் 78ஆம் ஹைலாண்டர்ஸ் படையில் கேப்டனாக இருந்தவர், பிறகு தோட்டக்காரர். கோப்பி அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஆறு வயதில் மகனை லண்டனிலிருந்த பாட்டனிடம் அனுப்பினார். பிள்ளை அதற்குப் பிறகு தகப்பனைப் பார்க்கவே இல்லை. 1866இல் குதிரையிலிருந்து விழுந்து தகப்பன் இலங்கையிலேயே இறந்துபோனார்.

1854 ஜூலையில், 13 வயதில், ஃபிஷர் கடற்படையில் சேர்ந்தார். கையில் காசில்லை, ஆனால் அட்மிரல் வில்லியம் பார்க்கரின் சிபாரிசு இருந்தது. பரீட்சை என்று சொன்னால் இன்று நம்பமாட்டார்கள்: பரமண்டல செபத்தை எழுதிக் காட்டினார், உடையில்லாமல் ஒரு கதிரையைத் தாண்டினார், ஒரு கிளாஸ் ஷெரி குடித்தார். அவ்வளவுதான். ஏறிய கப்பலான ‘கல்கத்தா’வில் நீராவி எஞ்சின் கிடையாது, பாய்தான். முதல் நாளே மாலுமிகளுக்குக் கசையடி கொடுப்பதைக் கண்டு மயங்கி விழுந்தார்.

அந்தப் பையன் பீரங்கியும் டோர்பிடோவும் கற்று, 1882இல் அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தாக்கிய ‘இன்ஃப்லெக்சிபிள்’ கப்பலுக்குக் கேப்டனானார். 1899இல் மத்தியதரைக் கடல் கப்பற்படை அவர் கைக்கு வந்தது. 12 நொட் வேகத்திலேயே பழுதாகி நின்ற கப்பல்கள் அவருடைய காலத்தில் 15 நொட்டில் பழுதின்றி ஓடின. பிற்காலத்தில் அவருக்குப் பரம எதிரியான பெரஸ்ஃபோர்ட் பிரபுவே சொன்ன கணக்கு அது.

1904 ஒக்டோபரில் ‘முதலாம் கடற் பிரபு’, அதாவது கடற்படைத் தலைவர், ஆனார். சண்டைக்கும் உதவாமல், தப்பி ஓடவும் வேகமில்லாமல் தூரதேசத் துறைமுகங்களில் கிடந்த கப்பல்களில் 154ஐக் கழித்துக்கட்டினார். அவற்றிலிருந்த ஆட்களை இறக்கி, ஒதுக்கில் நின்ற நல்ல கப்பல்களில் ஏற்றினார்.

பிறகு அவர் கட்டுவித்த ‘ட்ரெட்நோட்’ போர்க்கப்பல். அதுவரை ஒரு போர்க்கப்பலில் நாலு பெரிய பீரங்கிகளும், பல அளவுகளில் சிறியவையும் இருக்கும். எல்லாம் சேர்ந்து சுடும்போது எந்தக் குண்டு எங்கே நீரை எழுப்பியது என்று பிரித்தறிய முடியாது. தூரத்தைத் திருத்த வழியில்லை. ட்ரெட்நோட்டில் 12 அங்குலப் பீரங்கிகளே பத்து. வேகம் 21 நொட். எஞ்சினும் மாறியது. பழைய பிஸ்டன் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது, சூடேறும் தாங்கிகள்மேல் ஆட்கள் குழாயால் நீர் அடித்தபடியே நிற்பார்கள்; தரையெல்லாம் எண்ணெயும் தண்ணீரும், காதைப் பிளக்கும் சத்தம். டர்பைன் வந்ததும் அந்த அமளி அடங்கியது. 1905 ஒக்டோபர் 2இல் அடிக்கட்டை வைத்த கப்பல், வேறு கப்பல்களுக்கு வைத்திருந்த பீரங்கிகளையும் எடுத்துப் பொருத்தியதால், அடுத்த ஒக்டோபரில் கடலோட்டத்துக்கு இறங்கியது.

எனக்குப் பிடித்த ஃபிஷர் இதற்கு அப்பால் இருக்கிறார். கல்லுப் போன்ற பிஸ்கட்டைக் கடித்துக் கிடந்த மாலுமிகளுக்காகக் கப்பலிலேயே பாண் போறணை வைக்கச் செய்தார். கட்டளை அதிகாரியும் எஞ்சினியரும் வேறு வேறு சாதிபோல நடத்தப்பட்டதைக் கண்டு, 1903இல் ஓஸ்போர்ன் கல்லூரியில் இருவருக்கும் ஒரே படிப்பைத் தொடங்கினார். அங்கே கட்டணம் ஆண்டுக்கு 75 பவுண். காசுள்ள வீட்டுப் பிள்ளைதான் அதிகாரியாகலாம் என்றால் நாட்டின் திறமை வீணாகும், கட்டணத்தையே எடுத்துவிட வேண்டும் என்று வாதாடினார். அது நடக்கவில்லை.

அவருடைய பிழைகளும் பெரியவை. ட்ரெட்நோட் பிரிட்டனின் சொந்தக் கப்பல்களையும் பழசாக்கியது. ஜெர்மனியுடனான போட்டி முற்றியது. வேகமே கவசம் என்று நம்பி, கவசம் குறைந்த பேட்டில்குரூசர்களைக் கட்டுவித்தார். முதலாம் உலகப் போரில், அவர் அனுப்பிய இரண்டு 1914 டிசம்பரில் ஃபோக்லண்ட் கடலில் ஜெர்மன் அணியை அழித்தன. 1916இல் ஜட்லாந்துக் கடற்சண்டையில் அந்த வகைக் கப்பல்கள் மூன்று வெடித்துச் சிதற, 3,300 பேருக்கு மேல் மாண்டார்கள். வெடிமருந்தைக் கையாண்டதில் இருந்த அலட்சியமும் காரணம். மெல்லிய கவசத்தின் பங்கை மறைக்க முடியாது. அதற்கு முன்பே, 1915 மே மாதத்தில், துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைத் தாக்குதல் விவகாரத்தில் கடற்படை அமைச்சர் சர்ச்சிலோடு மோதிப் பதவியை விட்டிருந்தார்.

1920 ஜூலை 10இல் ஃபிஷர் இறந்தார். அதே ஆண்டின் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும்படி இலங்கைத் தோட்டங்களைக் கட்டாயப்படுத்தியது. ஃபிஷர் பிறந்த காலத்தில், தமிழகத்திலிருந்து கடல் தாண்டி, காட்டுவழி நடந்து வந்து அந்தக் கோப்பியை வளர்த்தவர்களின் பிள்ளைகளுக்குச் சிபாரிசு எழுத அட்மிரல் இல்லை. கற்க ஒரு சட்டம் வரவே பல பத்தாண்டுகள் சென்றன. காசில்லாத பிள்ளைக்கும் கதவு திறக்க வேண்டும் என்று ஃபிஷர் கேட்டது நியாயம். அந்த நியாயம் அவர் பிறந்த மலைக்கும் உரியது என்பதைத்தான் என் மாணவர்களுக்குச் சொன்னேன், இன்றும் சொல்வேன்.