காவும் காவடியும்

கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயிலின் முன்றிலில் நின்று வடக்கே நோக்குவோர்க்கு, மூடுபனி விலகிய வேளைகளில், கீழே சமவெளியில் பழனிக் குன்று பிள்ளைகள் குவித்த மணல்மேடுபோலச் சிறுத்துத் தோன்றும். தைப்பூச உற்சவத்தின்போது அக்குன்றை நாடி வரும் அடியார்தம் தோள்களில் ஆடிவருவது காவடி. இன்று பக்திக்கே உரிமையாகிவிட்ட இச்சொல், பிறப்பால் உழைப்பாளியின் சொல்லாகும்.

'கா' என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்குச் சோலை என்பது ஒரு பொருள். தோளிற் கிடத்தி, இரு தலையிலும் சுமை தொங்கவிடும் தண்டு என்பது மற்றொரு பொருள். சங்ககாலப் பாணரும் கூத்தரும் தம் இசைக்கருவிகளை அத்தண்டில் தூக்கியே ஊரூராகச் சென்றனர். அதியமான் பரிசில் தரத் தாழ்த்தபோது சினந்து புறப்பட்ட ஒளவையாரும், தம் கருவிகளைக் காவில் ஏற்றிவிட்டதாகவே புறநானூற்றில் வாயில்காவலனுக்கு அறிவிக்கிறார். இப்பெயரோடு உறவுடைய வினை காவுதல். காவும் தடி காவுதடியாகி, அதுவே காவடி என மருவிற்று என்பர். தமிழகத்துப் பேச்சில் மறைந்துபோன அவ்வினை யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகிறது. பொதியைக் 'காவிக்கொண்டு வா' என்பது அங்கே வீட்டுப் பேச்சு. 1936-இல் குறிஞ்சியாண்டவர் கோயிலை எழுப்பிய லீலாவதி அம்மையார், ஐரோப்பிய மரபிற் பிறந்து, ஈழத்துப் பெரியார் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர் என்பது இங்கு நினைக்கத் தக்கது.

சுமை தூக்கும் தடி தெய்வத்திற்கு உரியதான வரலாற்றைப் பழனியின் தலபுராணம் இடும்பன் என்னும் அசுரன்மேல் ஏற்றிச் சொல்கிறது. அகத்தியரின் ஆணைப்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளை, பிரமதண்டத்தைத் தண்டாகவும் பாம்புகளை உறிக்கயிறாகவும் கொண்டு தூக்கிவந்த இடும்பன், இளைப்பாறி எழுந்தபோது ஒரு குன்று அசைய மறுத்தது. அதன்மேல் நின்றதோ, கோபித்துக்கொண்டு வந்த பாலகனாகிய முருகன்! அவனோடு செய்த போரில் மடிந்து, மீண்டும் உயிர்பெற்ற இடும்பன், தன்னைப்போல் காவடி ஏந்தி வருவோர்க்கு அருள்புரிய வேண்டும் என வரம் வேண்டினான் என்பது ஐதிகம்.

ஆயினும் தொழில் முற்றும் மறையவில்லை. பங்குனி வெயிலில் கொடுமுடிக் காவிரியின் நீரைப் பழனி முருகனின் அபிஷேகத்திற்குச் சுமந்துவரும் தீர்த்தக் காவடியில், பழைய தண்ணீர்க் காவடியை நாம் நேரிற் காணலாம். சொல்லோ வேறு வழியும் நடந்தது: தண்டின் இருபுறமும் பாத்திரம் தொங்கவிட்டுச் சோறு இரந்தவனின் அன்னக்காவடி, பரம ஏழைக்கே பெயராயிற்று; பதவி நாடி ஓயாமல் தலைநகர் செல்வோரை 'டில்லிக்குக் காவடி தூக்குகிறார்' என்று எள்ளும் வழக்கும் எழுந்தது.

ஒரு பொருளின் பயன் மாறிய பின்னும் அதன் பெயர் விழாவிற் சென்று பிழைப்பது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. தை, மாசியை ஒட்டிய நாள்களில் இத்தாலியர் கொண்டாடும் கார்னிவல், 'இறைச்சி விலக்கல்' என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிற் பிறந்தது. நோன்பிற்கு முன் உண்டு களிப்பது அவர் முறை, நோன்பிருந்து பின் களிப்பது நம் அடியார் முறை. அத்திருவிழாவில் வேடமணிந்த குழந்தைகள் வண்ணக் காகிதத் துணுக்குகளை வாரி இறைப்பர். அத்துணுக்குகளுக்கு அங்கே பெயர் கொரியாந்தோலி, அதாவது கொத்தமல்லி! முற்காலத்தில் சர்க்கரைப் பாகு பூசிய கொத்தமல்லி விதைகளையே வீசினர்; விதை போய்க் காகிதம் வந்த பின்னும் பெயர் போகவில்லை. கறிக்கூட்டில் நாம் அன்றாடம் அரைக்கும் பொருள், அந்நாட்டுச் சிறுவர் கைகளில் நிறம் நிறமாகப் பறக்கிறது.

நம் சிறுவர்க்கு வாய்த்தது சிறு காவடி. வளைந்த மூங்கிற் பட்டை, அதைப் போர்த்த சிவப்புத் துணி, இரு முனையிலும் மயிற்பீலி, கையளவுச் சொம்பு இரண்டில் பால்: இவ்வளவே அதன் அங்கங்கள். பால் சிந்தாமல் நடக்க வேண்டும் என்னும் கவலையில் ஐந்து பிராயத்துப் பாலகன் முகத்தில் படரும் கம்பீரம், பெரியவர்களின் ஆட்டத்தில் இல்லாதது. ஆனால் பழனிப் படிகளோ 693. பாதியில் கால் சோர, தந்தை குனிந்து அவனைத் தூக்கித் தோளில் இருத்திக்கொள்கிறார். அவனோ காவடியை விடுவதாக இல்லை. பிள்ளையின் தோளிற் காவடி, தந்தையின் தோளிற் பிள்ளை. யாழ்ப்பாணத்தார் ஒருவர் அவ்வழியே வரின், தகப்பன் பிள்ளையைக் காவிக்கொண்டு போகிறார் என்றே சொல்வார்.