போல்டு

மூளையின் எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில் அடிபடும் இந்தச் சொல்லுக்கும் துணிச்சலுக்கும் உறவில்லை. 'ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சார்ந்தது' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்தது. 1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எலி மூளையைப் படமெடுத்த செய்ஜி ஒகாவா குழுவினர் வைத்த பெயர். அடிப்படை இன்னும் பழையது: ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினைக் காந்தம் லேசாக ஈர்க்கும், ஆக்சிஜன் ஏந்தியதை ஈர்க்காது என்று லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் 1936இலேயே காட்டிவிட்டார்கள். மூளையில் ஓரிடம் வேலையில் இறங்கினால், செலவாகும் ஆக்சிஜனைவிட அதிகமாகவே ரத்தம் கொண்டுவந்து கொட்டுகிறது; ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் அங்கே குறைவதால், படத்தில் அந்த இடம் சற்று வெளுக்கிறது. எண்ணமே படமாகிறது என்று சிலர் எழுதுவது மிகை. பதிவாவது ரத்தத்தின் மாற்றம், அதுவும் சில விநாடி தாமதமாக, சில சதவீதம்தான்.