கிரகணம் விட்டுச் சென்ற பொட்டு

1955ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் திகதி, காலை எட்டு மணியைச் சற்றுத் தாண்டிய வேளையில், நிலவின் முழு நிழல் இலங்கைத் தீவின் மீது விழுந்தது. இந்து சமுத்திரத்தில் தொடங்கிய அந்நிழல் தீவைக் குறுக்காகக் கடந்து, கிழக்குக் கரையால் வங்காள விரிகுடாவில் இறங்கி, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் என்று நீண்டு சென்றது. அதன் உச்சத்தில் முழுமறைப்பு ஏழு நிமிடங்களுக்கு மேல் நீடித்தது. இருபதாம் நூற்றாண்டில் அதனினும் நீண்ட முழுச் சூரிய கிரகணம் வேறில்லை. பொலன்னறுவைக்கு அண்மையிலுள்ள ஹிங்குராக்கொடையில் வெளிநாட்டு வானியலாளர்கள் தொலைநோக்கிகளோடு காத்துக் கிடந்தனர். முகில் வந்து மறைத்துவிட்டது. வசம்பை அரைத்துக் கிரகண வேளையில் குடித்தால் மேனி வெளுக்கும் என்ற வதந்தியை நம்பிக் குடித்தவர்கள் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்ட கதை தென்னிலங்கையில் இன்றும் வழங்குகிறது.

வானியலாளர்களின் ஏமாற்றமும் வசம்புக் கதையும் பத்திரிகையாளர்களுக்கு விருப்பமான செய்திகள். நான் எழுத விரும்புவது அந்தக் காலைப் பொழுது சிலருடைய கண்ணுக்குள் விட்டுச் சென்ற ஒரு பொட்டைப் பற்றி.

எங்கள் பெரியப்பா அப்போது இருபத்தைந்து வயது இளைஞர். திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரின் கையில் இருந்த காலம் அது. 1957 ஒக்டோபரில்தான் அது இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊரில் பாதிப் பேருக்கு டொக்யார்ட்டில்தான் வேலை. பெரியப்பாவும் அங்கேதான் பொருத்துநராக இருந்தார். கிரகணத்தன்று டச்பே கடற்கரையில், விளக்குப் புகையில் கரி பிடிக்க வைத்த கண்ணாடித் துண்டொன்றை வலது கண்ணில் பிடித்துக்கொண்டு, முகில் விலகிய போதெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாராம். வலி ஏதும் தெரியவில்லை. பிற்பகலில், எதிரே நின்றவரின் முகத்தைப் பார்த்தபோது மூக்கிருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருமை. முகத்தின் ஓரங்கள் தெரிந்தன, நடு தெரியவில்லை. அந்தக் கருமை நாளடைவில் சிறுத்ததே தவிர மறையவில்லை. “ராகு எனக்கு வைத்த பொட்டு” என்று தாமே அதற்குப் பெயரிட்டுக்கொண்டார்.

வெல்டிங் செய்பவர்கள் முகத்துக்குப் பிடிக்கும் கடுங்கறுப்புக் கண்ணாடி அதே டொக்யார்ட்டில் இருந்தது. கிரகணத்தைப் பார்க்கத் தக்கவை அக்கண்ணாடிகளில் மிகக் கறுத்த வகைகள்தாம். கரி பிடித்த கண்ணாடியோ கூச்சத்தை மட்டுமே தணிக்கும். கூச்சம் குறைந்தால் மனிதன் கூடுதல் நேரம் பார்ப்பான். அதுவே கேடு.

விழித்திரையின் நடுவில், ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு வட்டம் இருக்கிறது. ஆங்கில மருத்துவத்தில் மக்யூலா என்றும் தமிழில் மஞ்சட் பொட்டு என்றும் வழங்குகிறோம். எழுத்து வாசிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, எதிரே வருபவர் யாரென்று அறிவது எல்லாம் அந்த வட்டத்தின் வேலை. அதன் நடுக்குழி ஒன்றரை மில்லிமீற்றர்தான். எதை நேராகப் பார்க்கிறோமோ அதன் பிம்பம் அக்குழியில் விழும். சூரியனைப் பார்த்தால் சூரியனும் அங்கேதான் விழும். விழித்திரையில் வலியுணரும் நரம்பு இல்லாமையால் சேதம் நிகழ்வது தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்தே தெரியும். அது பெரும்பாலும் வெப்பத்தால் விளைவதன்று, ஒளி தூண்டும் இரசாயன மாற்றத்தால் விளைவது என்பதை மருத்துவம் பின்னர் கண்டுகொண்டது.

இந்த ஆபத்தை முன்னோர் அறியாதவர்களல்லர். தாம்பாளத்திலோ வாயகன்ற சட்டியிலோ மஞ்சள் நீரையும் சாணம் கரைத்த நீரையும் நிரப்பி அதில் கிரகணத்தைப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். கிரகணத்தை நேரே பார்ப்பவர் கண்ணைக் கெடுத்துக்கொள்வர், நீரில் நிழலாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்தைச் சோக்கிரட்டீசின் வாயிலாகப் பிளேட்டோ தமது ‘ஃபீடோ’ உரையாடலில் எழுதியிருக்கிறார். ஏதென்சும் கோணமாமலையும் ஒரே உபாயத்தை நாடியிருப்பது வியப்புத்தான். ஆயினும் பெருமைப்படுவதோடு நின்றுவிடலாகாது. சூரியன் உயரத்தில் நிற்கும்போது நீர்ப்பரப்பு ஒளியில் நூற்றில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. சூரியன் தாழ்ந்திருந்தால் இன்னும் கூடுதல். தரமான கிரகணக் கண்ணாடியோ இலட்சத்தில் மூன்று பங்கு ஒளியையே உள்ளே விடுகிறது. ஒரு நொடி எட்டிப் பார்க்கச் சட்டி நீர் உதவலாம். உற்று நோக்க உதவாது.

துறைமுகத்துக்கும் சூரியனைப் பார்க்கும் கண்ணுக்கும் உள்ள உறவு பழையது. பண்டை மாலுமிகள் குறுக்குக் கோலை ஏந்திச் சூரியனை நேரே நோக்கித்தான் அதன் உயரத்தை அளந்தார்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று அளக்கும் கருவியை ஜோன் டேவிஸ் என்ற ஆங்கில மாலுமி பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்ததற்குக் கண் கூச்சமும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரில் இச்சிக்கல் மீண்டும் தலைதூக்கியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் கிழக்குக் கடலிலிருந்து வந்து திருகோணமலையில் குண்டு வீசியதை ஊரில் முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு தாக்குவது போர் விமானிகளின் தந்திரம். ஆகவே காவலுக்கு நின்றவன் சூரியன் பக்கமே பார்த்தாக வேண்டும். அமெரிக்கக் கடற்படையினரிடம் காணப்பட்ட ஒருவகை மஞ்சட் பொட்டு அழற்சியைப் பற்றி கோர்டஸ் என்ற கண் மருத்துவர் 1944இல் எழுதினார். அத்தகையவற்றுட் பல சூரியனைப் பார்த்ததால் விளைந்தவை என்று பின்னர் கருதப்பட்டது.

போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், ஐரோப்பாவில் ஒரு கிரகணம் தோன்றியது. அதை வெறுங்கண்ணால் பார்த்த மருத்துவ மாணவர் ஒருவரின் விழித்திரையைப் பின்னர் சோதித்தார் கேர்ஹார்ட் மையர்-ஷ்விக்கெராத் என்ற இளம் ஜேர்மானிய மருத்துவர். மஞ்சட் பொட்டில் வட்டமான வடுவொன்று இருந்தது. மற்றவர்கள் பரிதாபப்பட்டுக் குறிப்பெழுதி முடித்திருப்பார்கள். அவருக்கோ வேறொரு எண்ணம் உதித்தது: சூரிய ஒளி விழித்திரையில் இவ்வளவு துல்லியமாக வடுவை உண்டாக்குமானால், கிழிந்த விழித்திரையை வேண்டிய இடத்தில் ஒட்டவைக்கவும் அதே ஒளியைப் பயன்படுத்தலாம் அல்லவா?

1940களின் இறுதியில் ஹம்பேர்க் நகரில் அவர் அதைச் செய்தும் காட்டினார். கண்ணாடிகளின் உதவியால் சூரிய ஒளியைக் கட்டடத்துக்குள் இறக்கி, நோயாளியின் கண்ணுக்குள் குவித்தார். ஹம்பேர்க்கின் வானம் முகில் நிறைந்தது; சூரியன் வராத நாளில் சிகிச்சையும் இல்லை. எனவே கார்பன் வில்விளக்குக்கு மாறினார். 1956 அளவில் சைஸ் நிறுவனத்தின் துணையோடு செனோன் விளக்குக் கருவி வந்தது. 1960இல் லேசர் பிறந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆர்கன் லேசர் கண் மருத்துவத்துக்கு வந்துவிட்டது. இன்று ஆசுபத்திரியில் ‘கண்ணுக்கு லேசர் அடித்தார்கள்’ என்று நம்மவர்கள் சொல்வதன் தொடக்கம், கிரகணம் பார்த்துக் கெட்ட ஒரு மாணவனின் கண்ணே.

நோயைத் துலக்கமாகக் காணும் வழிகளும் உடன் வளர்ந்தன. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அறிவித்த கண்ணகநோக்கியே உயிருள்ள மனிதனின் விழித்திரையை முதன்முதலில் தெளிவாகக் காட்டியது. இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்களான நொவோட்னி, அல்விஸ் என்ற இருவர் கை நரம்பில் சாயத்தைச் செலுத்தி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதையும் கசிவதையும் படம் பிடித்தார்கள். கண் மருத்துவ இதழ் அக்கட்டுரையை ஏற்க மறுத்தது. இறுதியில் இதய நோய்க்குரிய இதழொன்றில் 1961இல் அது வெளிவந்தது. 1991இல் ஓ.சி.டி. என்னும் ஒளிக்குறுக்குவெட்டுப் படமுறை வந்த பின்னர், மஞ்சட் பொட்டின் அடுக்குகளைக் கத்தியின்றி அறுத்துப் பார்ப்பது போலக் காண முடிகிறது. ஆனால் இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது மின்சாரமே வேண்டாத ஒன்று. சுவிற்சர்லாந்து மருத்துவர் மார்க் அம்ஸ்லர் அமைத்த அட்டை அது: பத்துச் சென்ரிமீற்றர் சதுரம், அதற்குள் நானூறு சிறு கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் அப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடுகள் வளைந்தாலோ ஒரு பகுதி மறைந்தாலோ மஞ்சட் பொட்டில் கோளாறு. ஒரு கண்ணைப் பொத்துவதுதான் இதில் முக்கியம். இரு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும்.

பெரியப்பாவின் கதையில் மறைத்தது கண்ணன்று, ராகுவின் பொட்டுத்தான். அறுபதைத் தாண்டியபோது அவருக்கு நீரிழிவு. 1990களின் நடுவில், வீட்டுக்கு எதிரேயுள்ள மின்கம்பம் வளைந்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினார். நாங்கள் சிரித்தோம். பத்திரிகை வாசிக்க முடியவில்லை என்றபோது, “அதுதான் அந்தக் கிரகணக் குறை” என்று அவரே விளக்கமும் தந்தார். நாற்பது ஆண்டுகளாகக் கெட்டிருந்தது வலது கண். இப்போது மங்கியது இடது கண். அந்த வேறுபாட்டை எவரும் கேட்கவில்லை. காட்டிய இடமொன்றில் வெண்புரை முற்றட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். யுத்த காலம், சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொழும்புக்குப் போவதென்றால் ஒரு நாள் வீண், பயமும் உண்டு. வசதியுள்ளவர்கள் சென்னைக்கோ மதுரைக்கோ போனார்கள். பெரியப்பா கொழும்பு போய்ச் சேர்வதற்கு ஓராண்டுக்கு மேலாயிற்று.

அங்கே மருத்துவர் முதலில் அவரது வலது கண்ணைப் பொத்தினார். நீரிழிவால் இடது மஞ்சட் பொட்டில் நீர் கோத்து வீங்கியிருந்தது. லேசர் வைத்தார்கள். 1985இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வின்படி, இத்தகைய வீக்கத்துக்கு லேசர் வைத்தால் மூன்றாண்டுகளில் பார்வையை இழப்போர் தொகை நூற்றுக்கு 24இலிருந்து 12ஆகக் குறைந்தது. இழப்பைப் பாதியாக்கும், இழந்ததைப் பெரும்பாலும் மீட்காது. மருத்துவர் இதை ஒளிக்காமல் சொன்னார். சூரியன் கெடுத்த கண் ஒன்று, சூரியனின் வழித்தோன்றலான லேசர் காத்த கண் மற்றொன்று. மிஞ்சிய ஓரப் பார்வையோடு 2003இல் பெரியப்பா காலமானார்.

அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. புற்றுநோய்க் கட்டிகள் புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்தே வளர்கின்றன என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்த கருத்து, குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளுக்கு வழிவகுத்தது. முதுமையில் மஞ்சட் பொட்டுக்கடியில் முளைக்கும் குழாய்களுக்கும், நீரிழிவில் கசியும் குழாய்களுக்கும் அதே தடுப்பு பொருந்தியது. குடல் புற்றுநோய்க்கென வந்த அவாஸ்டின் மருந்தை மயாமியைச் சேர்ந்த பிலிப் ரோசன்ஃபெல்ட் 2005இல் சிறு அளவில் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தினார். 2006இல் கண்ணுக்கென்றே லுசென்டிஸ் அங்கீகாரம் பெற்றது. அமெரிக்காவில் ஓர் ஊசி ஏறத்தாழ இரண்டாயிரம் டொலர். அவாஸ்டினோ ஐம்பது டொலர் அளவில் முடிந்தது. முதுமை நோயில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பயனைத் தருகின்றன என்பதை 2011இல் வெளிவந்த ஒப்பீட்டாய்வு காட்டியது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் மலிவானதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஏழை நாடுகளின் கண்களுக்கு அதைவிடப் பெரிய செய்தி அக்காலத்தில் வரவில்லை என்பேன். எங்கள் பத்திரிகைகளில் அது ஒரு பெட்டிச் செய்தியாகக்கூட வந்ததாக நினைவில்லை.

2019 டிசம்பர் 26ஆம் திகதி திருகோணமலையில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. ஆழிப்பேரலையின் பதினைந்தாம் ஆண்டு நினைவு நாளும் அதுவே. காலை ஒன்பதரை மணியளவில் கடற்கரையில் ஒரு புறம் அஞ்சலி. மறுபுறம் பாடசாலைப் பிள்ளைகள் கறுப்புத் தாள் கண்ணாடிகளோடு வரிசையில் நின்றார்கள். செய்திக்காக நின்றிருந்த நான் பிள்ளைகளின் பக்கமே அதிக நேரம் இருந்தேன். ஒரு கண்ணாடியைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தன் முறை வருமுன் வெறுங்கண்ணால் நிமிர்ந்தவனின் தலையை ஆசிரியை ஒருவர் கையால் கீழே அழுத்தினார்.

ஊசி முதுமை நோய்க்கும் நீரிழிவு வீக்கத்துக்கும் உதவுகிறது. சூரியனைப் பார்த்துச் சேதமுற்ற மஞ்சட் பொட்டுக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இன்றுவரை இல்லை. பலருக்குச் சில வாரங்களிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தானாகத் தேறிவிடும். சிலருக்குப் பெரியப்பாவுக்குப் போல நின்றுவிடும். அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21ஆம் திகதி தென்னிந்தியாவையும் இலங்கையையும் கடக்கவிருக்கிறது.